கின்டாமா: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது, எதைத் தாண்டக் கூடாது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கின்டாமா என்பது என்ன?

ஹிதெயாகி சொராச்சி எழுதி வரைந்த ஜப்பானிய நகைச்சுவை மங்கா (படக்கதை). 2003 டிசம்பர் 8 அன்று 'வீக்லி ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கி 2019 ஜூனில் முடிந்தது. மொத்தம் 704 அத்தியாயங்கள், 77 தொகுதிகள். அனிமே (அசைவூட்டத் தொடர்) வடிவம் 2006 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கி, இடையிடையே நின்று நின்று, 2018 அக்டோபர் வரை 367 எபிசோடுகள் ஓடியது. மூன்று அனிமே திரைப்படங்களும் உண்டு.

கதை நடப்பது எடோ காலத்தின் கடைசிக் கட்டம். வரலாற்றில் 1853-ல் அமெரிக்காவின் 'கறுப்புக் கப்பல்கள்' வந்து ஜப்பானின் கதவைத் திறக்கவைத்தன. சொராச்சியின் உலகில் அந்தக் கப்பல்களுக்குப் பதிலாக வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு அமாந்தோ என்று பெயர். சாமுராய்கள் போரில் தோற்றுப்போக, வாள் ஏந்தத் தடை வருகிறது. அப்படிப்பட்ட ஊரில், கபுகிச்சோ என்ற பேட்டையில், மரவாளைச் செருகிக்கொண்டு திரியும் சகாதா கின்டோகி ஒரு 'யோரோசுயா' நடத்துகிறான். கூலி கொடுத்தால் எந்த வேலையும் செய்து தரும் கடை அது. அவனோடு ஷின்பாச்சி, ககுரா என்ற இரண்டு பிள்ளைகளும் சதாஹாரு என்ற ராட்சத நாயும் இருக்கிறார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததே இல்லை. வீட்டு வாடகையும் எப்போதும் பாக்கி.

தலைப்புக்கு என்ன பொருள்?

கின் என்றால் வெள்ளி. டாமா என்பது இங்கே ஆன்மா. 'வெள்ளி ஆன்மா' என்று அழகாகச் சொல்லலாம். ஆனால் முதல் எழுத்தை வல்லொலியாக உச்சரித்தால் அது ஆணின் விதையைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிடும். ஜப்பானிய எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எழுத்தின் மேல் போடும் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் இல்லை: இரண்டுமே 'கி' தான். இந்தச் சிலேடையை நினைவில் வையுங்கள். 253 முதல் 256 வரையுள்ள எபிசோடுகளின் கதையில், கின்டோகியின் இடத்தை 'தங்கம்' (வல்லொலியில் 'கின்') என்ற பெயர்கொண்ட இன்னொருவன் பிடித்துக்கொள்வதற்கு மூலமே இதுதான்.

முதல் இரண்டு எபிசோட் பார்த்தேன். யார் யாரென்றே தெரியவில்லை. ஏன்?

இந்தத் தொடரை நாட வருகிறவர்கள் அதிகமாகக் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். தவறு உங்களுடையது அல்ல. 1, 2 எபிசோடுகள் மங்காவை ஏற்கெனவே படித்தவர்களுக்கான கொண்டாட்டமாக, அனிமேக்கென்றே எழுதப்பட்டவை. எல்லாப் பாத்திரங்களும் அறிமுகமே இல்லாமல் வந்து நிற்பார்கள். மங்காவின் முதல் அத்தியாயம் 3-வது எபிசோடில்தான் தொடங்குகிறது. ஆகவே 3-லிருந்து தொடங்குங்கள். 1, 2-ஐ ஐம்பது எபிசோட் கடந்த பிறகு பார்த்தால், அவை எதற்காகச் சிரிக்கின்றன என்பது தானாகப் புரியும்.

3 முதல் 24 வரை ஆட்களைச் சேர்க்கும் காலம். வேகம் குறைவு, சிரிப்பும் விட்டுவிட்டு வரும். 25-வது எபிசோடில் ஒரே சட்டி சுகியாகியைச் சுற்றி உட்கார்ந்து, இறைச்சித் துண்டு யாருக்கு என்று போர் வியூகம் வகுத்துச் சண்டை போடுவார்கள். ஏறத்தாழ முழு எபிசோடும் அந்தச் சட்டிதான். அது பிடித்தால் தொடர் உங்களுக்கானது. அதுவரை முடிவு எடுக்காதீர்கள்.

சரியான வரிசை என்ன?

வெளியான வரிசையே சரியான வரிசை. குழப்பம் வருவது தலைப்புகளால். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பெயரை மாற்றாமல், பக்கத்தில் ஒரு குறியை மட்டும் சேர்த்துவிட்டார்கள். தேடுபொறி அந்தக் குறிகளை விழுங்கிவிடும் என்பதால், ஆண்டையும் எபிசோட் எண்ணையும் வைத்துத் தேடுவதே பிழையற்ற வழி.

2006–2010: குறி எதுவும் இல்லாத முதல் தொடர், 1–201.
2011–2012: மேற்கோள் குறியோடு, 202–252.
2012–2013: அதே குறியோடு 'என்சோசென்' (கூடுதல் ஆட்டம்) என்ற துணைப்பெயர், 253–265.
2015–2016: பாகைக் குறியோடு (வெப்பநிலைக்குப் போடுகிற சின்ன வட்டம்), 266–316.
2017 ஜனவரி–மார்ச்: முற்றுப்புள்ளியோடு, 317–328.
2017 அக்டோபர்–டிசம்பர்: 'பொரோரி', 329–341.
2018: 'வெள்ளி ஆன்மா' இறுதிக் கதை, இரண்டு பகுதிகளாக 342–353, 354–367.

367-க்குப் பிறகு கதை முடிந்துவிடுவதில்லை. 2021 ஜனவரியில் இணையத்தில் வந்த 'செமி ஃபைனல்' இரண்டு எபிசோடுகளைப் பாருங்கள். பிறகு, அதே மாதம் 8-ம் தேதி திரைக்கு வந்த 'தி ஃபைனல்' படம். படம் முதலில் வெளியானாலும் கதையில் செமி ஃபைனல்தான் முந்தி நடக்கிறது. 367 முடித்த கையோடு படத்துக்குத் தாவினால் இடையில் ஒரு படி காணாமல் போகும்.

பட்டியல்களில் 'யோரினுகி' என்று ஒன்று தென்படும். அது 2010–2011-ல் பழைய எபிசோடுகளைத் தேர்ந்தெடுத்து மறுஒளிபரப்பியது. புதிய கதை எதுவும் இல்லை. தாராளமாக விட்டுவிடலாம்.

மற்ற இரண்டு படங்களை எங்கே நுழைப்பது?

2010-ல் வந்த 'பெனிசகுரா' படம் 58–61 எபிசோடுகளின் மறு ஆக்கம். தொடரில் பார்த்தவர்களுக்குக் கட்டாயம் இல்லை. சண்டைக் காட்சிகள் படத்தில் மெருகேறியிருக்கும் என்பதால் பார்க்கலாம். 2013 படம் அப்படியல்ல. மங்காவில் இல்லாத கதை, அதற்கு மூலக்கதை தந்தவரும் சொராச்சியே. 265-க்குப் பிறகு, 266-க்கு முன் அதன் இடம். 'நிறைவுப் படம்' என்று அறிவித்துக்கொண்டே வந்தது. பிறகும் நூறு எபிசோடுகள் வந்தன. இந்தத் தொடர் "இதோடு முடிந்தது" என்று சொன்னால் எந்தக் காலத்திலும் நம்ப வேண்டாம்.

பொரோரி எபிசோடுகளில் கதை பின்னால் போவதுபோல் இருக்கிறதே?

போகத்தான் செய்கிறது. 2015–2017-ல் அடுத்தடுத்து தீவிரமான கதைகளை எடுத்தபோது, மங்காவில் அவற்றுக்கு முன் இருந்த நகைச்சுவை அத்தியாயங்கள் விடுபட்டன. அவற்றைத் திரட்டித் தந்ததே 329–341. காலவரிசைப்படி 300-க்கு முன் நடப்பவை. வெளியான வரிசையிலேயே பார்ப்பதைப் பரிந்துரைக்கிறோம்: 328 வரையுள்ள கனத்துக்குப் பிறகு, எல்லோரும் பழையபடி கூத்தடிப்பதைப் பார்க்கும்போது வருகிற சிரிப்பில் ஒரு வலியும் கலந்திருக்கும்.

வெட்டிப் பேச்சு எபிசோடுகளை விட்டுவிட்டு, தீவிரமான கதைகளை மட்டும் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பல எபிசோடுகளுக்கு நீளும் ஒரே கதையை ரசிகர்கள் 'ஆர்க்' என்பார்கள். 'முக்கியமான ஆர்க்குகள் மட்டும்' என்று பட்டியல்கள் கிடைக்கும்: பெனிசகுரா 58–61, ஷின்செங்குமி (காவல்படை) நெருக்கடி 101–105, யோஷிவாரா 139–146, கபுகிச்சோவின் நான்கு பெருந்தலைகள் 210–214, ஷோகுன் படுகொலை 300–307, ஷின்செங்குமிக்குப் பிரியாவிடை 308–316. இவற்றை மட்டும் பார்க்கிறவர்களுக்கு நல்ல சண்டையும் சுமாரான சோகமும் கிடைக்கும். எங்கே இடிக்கிறதென்று சொல்கிறோம்.

ஷோகுன் தொகுகாவா ஷிகேஷிகேயை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் ஆட்சியாளர். தொடரில் அவர் தலைகாட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு விபரீதம் நடந்து, கடைசியில் கோவணத்தோடு நிற்பார். முடிவெட்டும் கடைக்கு வந்தாலும் சரி, பனியில் சறுக்கப் போனாலும் சரி. ஆனால் ஒருமுறைகூடக் கோபப்பட மாட்டார், யாரையும் தண்டிக்க மாட்டார். பார்க்கிறவர் சிரித்துக்கொண்டே இருக்கும்போது, இந்த மனிதரின் பெருந்தன்மையை ஆசிரியர் நமக்குத் தெரியாமலே மனதில் பதித்துவிடுகிறார். பிறகு 300-வது எபிசோட் வருகிறது. கோவணக் காட்சிகளைத் தாண்டி நேராக 300-க்கு வந்தவருக்கு ஷிகேஷிகே யாரோ ஒரு மன்னர். முழுவதும் பார்த்தவருக்கு அவர் தெரிந்த வீட்டு ஆள்.

தொடர் முழுவதும் இயங்கும் முறை இதுதான். ஹிஜிகதா எதன்மேலும் மயோனைஸைக் கொட்டித் தின்பதும், ஒதாயே பொரிக்கும் முட்டை கரிக்கட்டையாவதும், வேலை போன ஹசெகாவா பூங்காவில் படுப்பதும் வெறும் திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவை அல்ல. அந்த ஊரில் உங்களைக் குடியேற்றும் வேலை. அந்த ஊர் எரியும்போதுதான் குடியிருந்ததன் பொருள் தெரியும்.

நேரமே இல்லை என்றால், பின்பாதியை விடுங்கள், முன்பாதியை விடாதீர்கள். 3–146 வரை தொடர்ச்சியாகப் பார்த்து நிறுத்துவது, அங்கங்கே பொறுக்கிப் பார்ப்பதைவிடப் பல மடங்கு நிறைவு தரும்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

எபிசோட் ஒன்றுக்கு 24 நிமிடம் என்றால் 367-க்கு ஏறக்குறைய 147 மணி நேரம். நாளுக்கு மூன்று என்றால் நான்கு மாதம். அதற்குமேல் போகாதீர்கள்: ஒரே மூச்சில் பத்துப் பார்த்தால் கூச்சல் மட்டும்தான் மிஞ்சும், காது மரத்துவிடும். தொடக்க, இறுதிப் பாடல்களைத் தாண்டி நேரம் மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தால் கவனம். இறுதிப் பாடலுக்குப் பிறகும் பல எபிசோடுகளில் துணுக்குகள் வரும். கின்டோகி பள்ளி ஆசிரியர் வேடத்தில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் 'கின்பாச்சி சார்' பகுதி அங்கேதான் இருக்கிறது. சில நேரம் இறுதிப் பாடல் எபிசோடின் நடுவிலேயே வந்துவிடும். அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான்.

படம் அசையவே இல்லை, குரல் மட்டும் கேட்கிறது. வீடியோ பழுதா?

இல்லை. யோரோசுயா கடையின் வெளித்தோற்றத்தை ஒரே அசையாப் படமாக நிறுத்திவிட்டு, உள்ளே பேசுவதை மட்டும் நிமிடக்கணக்கில் கேட்கவைப்பது இந்த அனிமேயின் நிரந்தரப் பழக்கம். பட்ஜெட் இல்லை, வரைய நேரமில்லை என்று பாத்திரங்களே உள்ளிருந்து புலம்புவார்கள். திடீரெனக் கேட்கும் 'பீப்' ஒலியும், முகத்தை மறைக்கும் கட்டங்களும், பெயரின் நடுவே விழும் வட்டமும் இப்படித்தான். பிற தொடர்களைப் பகடி செய்யும்போது மறைப்பதுபோல் பாவனை செய்து, யாரைச் சொல்கிறார்கள் என்பதை நன்றாகத் தெரியவிடுவார்கள். கோப்பை மீண்டும் தரவிறக்க வேண்டியதில்லை.

எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்வது?

முதலில் நகைச்சுவையின் கட்டமைப்பைப் பிடியுங்கள். ஜப்பானிய இருவர் மேடை நகைச்சுவையான மன்சாயில் ஒருவர் 'போகே': அபத்தத்தைப் பொறுப்போடு பேசுகிறவர். மற்றவர் 'ட்சுக்கொமி': அந்த அபத்தத்தைச் சுட்டிக்காட்டிச் சீறுகிறவர். செந்தில் பேசுவது போகே, கவுண்டமணி சீறுவது ட்சுக்கொமி என்றால் உடனே விளங்கும். கின்டாமாவில் சீறும் வேலை ஷின்பாச்சியுடையது. ஆனால் சொராச்சி இந்த வேடங்களை ஒரே காட்சிக்குள் மாற்றிக்கொண்டே இருப்பார். கின்டோகியின் பழைய போர்த்தோழன் கட்சுரா உள்ளே வந்தால் கின்டோகி சீறுகிறவனாகிவிடுவான். எல்லோருமே அபத்தமாகி, சீற ஆளே இல்லாமல் போகும் காட்சிகளும் உண்டு. யார் இப்போது எந்த வேடம் என்று கவனித்தால் பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

அடுத்து, வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். மங்காவிலேயே பேச்சுக் குமிழிகள் நிரம்பி வழியும்; அனிமேயில் அத்தனையையும் மூச்சுவிடாமல் பேசுவார்கள். 1.25 வேகத்தில் வைத்தால் சப்டைட்டிலைப் படித்து முடிக்கவே நேரம் போதாது, சீறலுக்கு முன்வரும் அந்த நொடி நேர மௌனமும் செத்துவிடும். சிரிப்பு அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

குரலையும் ஜப்பானிய மொழியிலேயே கேளுங்கள். தொமோகாசு சுகிதா (கின்டோகி), தைசுகே சகாகுச்சி (ஷின்பாச்சி), ரியே குகிமியா (ககுரா) ஆகியோரின் குரலேற்ற இறக்கம் மொழி தெரியாதவரையும் சிரிக்கவைக்கும்.

மூன்றாவது, சிலேடை. மொழிபெயர்ப்பில் கட்டாயம் உதிரும். எடுத்துக்காட்டு: கட்சுராவை எல்லோரும் 'ஸுரா' என்று கூப்பிட, அவன் ஒவ்வொரு முறையும் "ஸுரா இல்லை, கட்சுரா!" என்று திருத்துவான். ஸுரா என்றால் பேச்சுவழக்கில் டோப்பா முடி. நீளக் கூந்தல்காரனைக் கேலி செய்யும் பெயர். ஆனால் 'கட்சுரா' என்ற சொல்லுக்கும் டோப்பா என்றே ஒரு பொருள் உண்டு! மறுக்க மறுக்க மாட்டிக்கொள்கிறான். சப்டைட்டிலில் இது வெறும் பெயர்த் திருத்தமாகத்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போட்டிருந்தால் நிறுத்திப் படியுங்கள்.

பகடிகளுக்கு 'டிராகன் பால்', 'ஒன் பீஸ்', 'குண்டம்' ஆகியவற்றில் மேலோட்டமான பழக்கம் இருந்தால் பெரும்பகுதி பிடிபடும். 202-ல் எல்லோரும் 'இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு' உருமாறி நிற்பதன் பின்னணி, அந்தக் காலத்து ஷோனென் (பையன்களுக்கான மங்கா) கதைகளின் காலத்தாவல். ஜப்பானியத் தொலைக்காட்சிப் பிரபலங்களைப் பற்றிய துணுக்குகள் புரியாவிட்டால் கடந்து போங்கள். அடுத்தது அரை நிமிடத்தில் வந்துவிடும்.

ஜப்பானிய வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, தெரிந்தால் சுவை கூடும். பெயர்களில் பெரும்பாலானவை உண்மை மனிதர்களின் பெயர்களைக் கொஞ்சம் திருகியவை. ஹிஜிகதா தொஷிசோ இங்கே தொஷிரோ, ஒகிதா சோஜி இங்கே சோகோ, கொந்தோ இசாமி இங்கே இசாவோ, தகாசுகி ஷின்சாகு இங்கே ஷின்சுகே, சகாமொத்தோ ரியோமா இங்கே தத்சுமா. ஷின்செங்குமி காவல்படையின் பெயர் ஒலியில் அப்படியே இருக்கும், முதல் எழுத்து மட்டும் வேறு. மிக நயமானது யமசாகியின் பெயர். வரலாற்றில் அவர் 'சுசுமு', அதாவது முன்னேறு. சொராச்சி வைத்தது 'சகாரு', அதாவது பின்வாங்கு. கின்டோகியின் பெயர் மட்டும் நாட்டார் கதையிலிருந்து வருகிறது: கிந்தாரோ என்ற வீரச் சிறுவன் வளர்ந்த பிறகு பெற்ற பெயர் சகாதா கின்தோகி. ககுராவுக்கு மூங்கிலில் பிறந்து நிலவுக்குத் திரும்பிய ககுயா இளவரசியின் சாயல்.

மரவாளில் பொறித்திருக்கும் 'தோயாகோ' ஹொக்கைடோவில் உள்ள ஓர் ஏரி. அங்கே நினைவுப் பொருளாக மரவாள் விற்பார்கள். சொராச்சியும் ஹொக்கைடோக்காரர்.

மங்காவா, அனிமேயா?

இந்த ஒரு தொடருக்கு அனிமே. நகைச்சுவை குரலிலும் நேரக்கணிப்பிலும் நிற்பதால் அப்படிச் சொல்கிறோம். ஷின்ஜி தகமத்சு, பிறகு யோயிச்சி ஃபுஜிதா, 2015 முதல் சிசுரு மியவாகி என்று இயக்குநர்கள் மாறியும் அந்தக் கணிப்பு பிசகவில்லை. கதைக்குச் சம்பந்தமில்லாத இட்டுநிரப்பல் எபிசோடுகளும் இத்தனை நீளத் தொடருக்கு வியக்கத்தக்க அளவு குறைவு.

மங்கா படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது முடிவுப் பகுதி. 2018 செப்டம்பரில் 698-வது அத்தியாயத்தோடு வார இதழில் முடிவதாக அறிவித்தார்கள்; கதை முடியவில்லை. 'ஜம்ப் ஜிகா' இதழுக்குப் போனது. 2019 பிப்ரவரி வரை அங்கும் முடியவில்லை. கடைசியில் கின்டாமாவுக்கென்றே ஒரு செயலி வெளியிட்டு, அதில் முடித்தார்கள். ஆகவே பழைய வார இதழ்களை மட்டும் சேர்த்து வைத்திருப்பவரிடம் முடிவு இருக்காது; 77-வது தொகுதி வரை தேவை. ஆங்கில அச்சுப் பதிப்பு 2011-ல் 23-வது தொகுதியோடு நின்றுவிட்டது.

நடிகர்கள் நடித்த படங்கள் எப்படி?

யுயிச்சி ஃபுகுதா இயக்கி, ஷுன் ஒகுரி கின்டோகியாக நடித்த இரண்டு படங்கள் 2017, 2018-ல் வந்தன. முதலாவது பெனிசகுரா, இரண்டாவது ஷின்செங்குமி நெருக்கடி. 105-வது எபிசோடைத் தாண்டியவர் தயங்காமல் பார்க்கலாம். ககுராவாக வரும் கன்னா ஹஷிமொத்தோ மூக்கை நோண்டுவதிலும் தயங்கவில்லை; பாத்திரத்துக்கு அவ்வளவு நேர்மை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சிறு பிள்ளைகளோடு வேண்டாம். கழிப்பறை நகைச்சுவை, இரட்டை அர்த்தப் பேச்சு நிறைய. யோஷிவாரா ஆர்க் நடப்பது பாலியல் தொழில் பேட்டையில். இரத்தமும் உண்டு. பதின்ம வயதைத் தொட்டவர்கள் பெரியவர்கள் துணையோடு பார்க்கலாம்.

எல்லாம் முடித்துவிட்டேன். இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

2016-ல் வந்த இரண்டு பாக ஓவிஏ (தொலைக்காட்சிக்கு அல்லாமல் நேரடியாக வட்டில் வெளியிடும் அனிமே) ஒன்று உண்டு: காதல் வாசனைப் புகையை முகர்ந்தவர்கள் படும் பாடு. கின்பாச்சி சார் பகுதி வளர்ந்து நாவல் வரிசையாகி, 2025 அக்டோபரில் தனி அனிமேயாகவும் வந்தது. அதில் எல்லோரும் மூன்றாம் ஆண்டு 'இசட்' பிரிவு மாணவர்கள். மூலத்தொடரில் யார் யாரோடு எப்படி என்பது தெரியாமல் அதில் நுழைந்தால், 1, 2 எபிசோடுகளில் நேர்ந்த அதே திணறல்தான்.

'தி ஃபைனல்' பற்றி ஒரு கூடுதல் தகவல். 2021 ஜனவரியில் ஜப்பானில் வாராவாரம் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது 'டீமன் ஸ்லேயர்: முகேன் ரயில்'. அதை அந்த வார இறுதியில் கீழே இறக்கிய படம் இது. முதல் வாரப் பார்வையாளர்களுக்குத் திரையரங்கில் இலவசமாகக் கொடுத்த அட்டைகளில் இருந்ததோ டீமன் ஸ்லேயர் பாத்திரங்கள், சொராச்சி தன் கைப்பட வரைந்தவை.